உறைபனியில் ஒரு ரிவால்வர்

1985 மார்ச் மாதம். அலாஸ்காவின் இடிடராட் பந்தயத்தில் சூசன் பட்ச்சர் தன் நாய்களோடு போய்க்கொண்டிருந்தார். ஆங்கரேஜ் பக்கமிருந்து பெரிங் கடலோரத்து நோம் நகரம் வரை, ஏறத்தாழ 1,600 கிலோமீட்டர் தூரத்தை நாய்கள் இழுக்கும் சறுக்குவண்டியில் கடக்க வேண்டிய பந்தயம் அது. இரவில், பாதையின் நடுவே ஒரு பெண் மூஸ் நின்றது. மான் குடும்பத்தில் மூஸைவிடப் பெரிய விலங்கு கிடையாது. வளர்ந்த பெண் மூஸே நானூறு, ஐந்நூறு கிலோ இருக்கும். அது விலகவில்லை. நாய்களுக்குள் புகுந்து மிதிக்கத் தொடங்கியது. பட்ச்சரிடம் துப்பாக்கி இல்லை. கோடரியைக் காட்டியும் கோட்டை வீசியும் விரட்டப் பார்த்தார். பின்னால் வந்த சக போட்டியாளர் டூயி ஹால்வர்சன் தன் கைத்துப்பாக்கியால் சுட்ட பிறகுதான் மூஸ் விழுந்தது. இரண்டு நாய்கள் பலியாயின. பல நாய்கள் காயமடைந்தன. பட்ச்சர் பந்தயத்தை விட்டு விலக நேர்ந்தது. அடுத்த ஐந்து ஆண்டுகளில் அதே பந்தயத்தை நான்கு முறை வென்றவர் அவர்.

அலாஸ்காவில் கரடிக்குப் பயந்துதான் துப்பாக்கி ஏந்துவார்கள் என்று நினைக்கிறோம். கோடையில் அது சரி. குளிர்காலத்தில் கரடிகள் பெரும்பாலும் குகைக்குள் உறங்குகின்றன, மூஸ் உறங்குவதில்லை. இடுப்பளவு பனியில் நடக்க அதற்குப் பெரும் ஆற்றல் செலவாகிறது. தின்பதற்கோ காய்ந்த சுள்ளிகளும் பட்டையும்தான். பசியும் களைப்புமாக இருக்கும் அந்த விலங்குக்கு, சறுக்குவண்டிகள் அழுத்திக் கெட்டியாக்கிய பாதை பெரிய வசதி. அதை விட்டு ஆழமான பனிக்குள் இறங்க அதற்கு மனம் வராது. எதிரே வரும் நாய்க்கூட்டம் அதன் கண்ணுக்கு ஓநாய்க்கூட்டம். ஆகவே தாக்குகிறது. அங்கே வண்டியோட்டிகள் பலர் குளிர்காலத்திலும் மார்பிலோ இடுப்பிலோ ஓர் உறையில் கைத்துப்பாக்கியைச் சுமப்பதற்கு இதுவே முதன்மைக் காரணம்.

அந்தத் துப்பாக்கி மைனஸ் 30, 40 டிகிரி செல்சியஸ் குளிரில் நாள்கணக்கில் சும்மா தொங்குகிறது. தேவைப்படும் கணம் வந்தால் சில நொடிக்குள் உறையிலிருந்து வெளியே வந்து வேலை செய்ய வேண்டும். அந்தச் சில நொடிக்குள் உலோகவியல், எண்ணெயின் வேதியியல், ஆவி நீராகும் இயற்பியல், விரலின் உடலியல் எல்லாம் ஒன்றுகூடுகின்றன. இந்த அத்தியாயம் அவற்றை ஒவ்வொன்றாகப் பார்க்கிறது.

எதற்காக ரிவால்வர்?

2022 பிப்ரவரியில், ஃபேர்பேங்க்ஸ் அருகே பயிற்சியில் இருந்த பிரிட்ஜெட் வாட்கின்ஸ் என்ற வண்டியோட்டியின் நாய்களை ஒரு மூஸ் தாக்கியது. அவரிடம் .380 அளவுள்ள சிறிய கைத்துப்பாக்கி இருந்தது. அதிலிருந்த தோட்டாக்கள் எல்லாவற்றையும் சுட்டுத் தீர்த்தார், மூஸ் அசரவில்லை. ஒரு மணி நேரத்துக்கு மேல் நாய்களை மிதித்தது. கடைசியில் நண்பர் ஒருவர் ரைபிளோடு வந்துதான் முடிவு கட்டினார்.

காரணம் எளிய கணக்கு. .380 தோட்டாவின் குண்டு ஏறத்தாழ 6 கிராம். நொடிக்கு 290 மீட்டர் வேகம். அதன் இயக்க ஆற்றல் 260 ஜூல் அளவில் நிற்கிறது. 1955-இல் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் நிறுவனம் ரிவால்வரில் கொண்டுவந்த .44 மேக்னம் தோட்டாவின் குண்டு சுமார் 15.5 கிராம், வேகம் நொடிக்கு 400 மீட்டருக்கும் மேல். ஆற்றல் 1,300 ஜூல். ஐந்து மடங்கு. இவ்வளவு வலிய தோட்டாவைத் தாங்கும் உறுதியான, எளிய அமைப்பாக ரிவால்வர் இருக்கிறது.

குளிர்காலத்தில் அதற்கு இன்னொரு தகுதியும் உண்டு. மகசின் வைத்த தானியங்கிக் கைத்துப்பாக்கியில், ஒரு தோட்டா வெடிக்கும்போது எழும் பின்னுதைப்புதான் அடுத்த தோட்டாவை ஏற்றித் தருகிறது. எண்ணெய் இறுகி, உள்ளே பனி சேர்ந்து உராய்வு கூடினால் அந்தச் சுற்று பாதியில் நின்றுபோகும். ரிவால்வரிலோ அந்த வேலையைச் செய்வது சுடுகிறவரின் விரல். டிரிகரை இழுக்கும்போது அந்த இழுப்பே தோட்டாக்கள் இருக்கும் உருளையைச் சுழற்றி, சுத்தியலைப் பின்னுக்குத் தள்ளி விடுவிக்கிறது. ஒரு தோட்டா வெடிக்காமல் போனாலும் மறுபடி இழுத்தால் அடுத்த அறை குழலுக்கு நேராக வந்து நிற்கும். இந்தப் பலம் இருக்கும் இடத்தில்தான் பலவீனமும் இருக்கிறது. முழுச் சுமையும் விரலின் மேல் விழுகிறது. சுத்தியலைக் கையால் முன்கூட்டி இழுத்து வைக்காமல் சுடும்போது டிரிகரை இழுக்க ஐந்து கிலோவுக்கும் கூடுதலான விசை வேண்டும். மரத்துப்போன விரலுக்கு அது பெரிய சுமை.

எஃகு தாங்கும்

கடுங்குளிரில் எஃகு கண்ணாடிபோல நொறுங்கும் என்ற அச்சத்துக்கு வரலாற்று ஆதாரம் உண்டு. 1943 ஜனவரி 16 அன்று, அமெரிக்காவின் போர்ட்லண்ட் துறையில் அமைதியாக நின்றிருந்த ஷெனெக்டடி என்ற புத்தம்புது எண்ணெய்க் கப்பல் பெருஞ்சத்தத்தோடு இரண்டாகப் பிளந்தது. அக்காலத்துக் கப்பல்களில் இப்படிப் பல விரிசல்கள். கேம்பிரிட்ஜில் ஆய்வு செய்த கான்ஸ்டன்ஸ் டிப்பர், அந்த எஃகு ஒரு குறிப்பிட்ட வெப்பநிலைக்குக் கீழே வளையும் தன்மையை இழந்து நொறுங்குவதைக் கண்டுகாட்டினார்.

துப்பாக்கிக்குப் பயன்படும் எஃகு வேறு வகை. குரோமியமும் மாலிப்டினமும் சேர்த்து, சூடாக்கித் திடீரெனக் குளிர்வித்து, மீண்டும் மிதமாகச் சூடாக்கிப் பதப்படுத்திய எஃகு அது. அதன் நுண்படிகங்கள் மிகச் சிறியவை. விரிசல் ஓடுவதற்கு எளிதான வழி இல்லை. நல்ல நிலையிலுள்ள ரிவால்வர் குளிரால் உடைவதில்லை.

சுருங்குவதும் பெரிய தொல்லை இல்லை. 50 டிகிரி குளிர்ந்தால் எஃகு தன் நீளத்தில் பத்தாயிரத்தில் ஆறு பங்கு சுருங்கும். 40 மில்லிமீட்டர் நீளமுள்ள உருளைக்கு இது 0.024 மில்லிமீட்டர். உருளையின் முகத்துக்கும் குழலின் அடிக்கும் நடுவே வடிவமைப்பாளர்கள் விட்டிருக்கும் இடைவெளி 0.1 முதல் 0.25 மில்லிமீட்டர் வரை. உருளையும் சட்டகமும் ஒரே எஃகு என்பதால் இரண்டும் சேர்ந்தே சுருங்குகின்றன. இடைவெளி ஏறக்குறைய மாறாமல் இருக்கிறது. சட்டகம் அலுமினியமாக இருந்தாலும் வேறுபாடு இதே அளவுக்குள்தான் வரும். சுத்தியலை உந்தும் ஸ்பிரிங்கோ குளிரில் ஓரிரு விழுக்காடு கூடுதல் விறைப்பாகிறது. ஆக, உலோகத்தின் மேல் பழி இல்லை.

எண்ணெய் இறுகும்

மார்கழிக் காலையில் தேங்காய் எண்ணெய்ப் புட்டியைக் கவிழ்த்தால் ஒரு சொட்டும் விழாது. 24 டிகிரிக்குக் கீழே அதன் கொழுப்பு படிகமாகத் தொடங்கிவிடுகிறது. துப்பாக்கிக்குப் போடும் கனிம எண்ணெய்க்கும் இதே கதி, இன்னும் கீழான வெப்பநிலையில். அதில் கலந்திருக்கும் மெழுகு மூலக்கூறுகள் குளிரில் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு வலை பின்னுகின்றன. எண்ணெய் அந்த வலைக்குள் சிக்கி நின்றுவிடுகிறது. மெழுகே இல்லாத எண்ணெயானாலும், மூலக்கூறுகள் ஒன்றையொன்று தாண்டி நழுவத் தேவையான வெப்ப ஆற்றல் குறைவதால் பாகுநிலை பல மடங்கு ஏறுகிறது.

1941-இன் குளிர்காலத்தில் மாஸ்கோவை நெருங்கிய ஜெர்மன் படைகளின் துப்பாக்கிகள் எண்ணெய் இறுகிப்போய் முரண்டு பிடித்தன. 1950-இன் இறுதியில் கொரியாவின் சோசின் நீர்த்தேக்கத்தைச் சுற்றி, மைனஸ் 30 டிகிரியை ஒட்டிய குளிரில் போரிட்ட அமெரிக்கப் படைகளுக்கும் இதே அனுபவம். எண்ணெயைத் துடைத்தெடுத்து உலரவிட்ட ஆயுதமே நம்பகமானது என்பதை இரு தரப்பும் பாடுபட்டுக் கற்றுக்கொண்டன.

ரிவால்வருக்குள் என்ன நடக்கிறது? சுத்தியல் விழும் வேகத்தில்தான் பிரைமர் வெடிக்கிறது. தோட்டாவின் பின்புறத்தில் இருக்கும் சிறு கிண்ணம் அது; அதற்குள் இருக்கும் லெட் ஸ்டிஃப்னேட் கலவை போதுமான வேகத்தில் நசுக்கப்பட்டால்தான் தீப்பொறி எழும். சுத்தியலின் அச்சிலும் ஸ்பிரிங் சுருள்களுக்கு நடுவிலும் பிசினாகிக் கிடக்கும் எண்ணெய் அந்த வேகத்தில் ஒரு பகுதியைத் தின்றுவிட்டால், பிரைமரில் ஒரு சிறு பள்ளம் மட்டும் விழும், வெடிக்காது. டிரிகரை இழுத்தவருக்குக் கிடைப்பது ஒரு ‘டிக்’ ஓசைதான்.

அதனால் குளிர்காலம் தொடங்குமுன் அலாஸ்காவில் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் பழைய எண்ணெயைக் கரைப்பான் ஊற்றி முழுக்கக் கழுவுகிறார்கள். பிறகு தாழ்வெப்பத்துக்கென்றே செய்யப்பட்ட மெல்லிய எண்ணெயை ஒரு பூச்சளவு மட்டும் தடவுகிறார்கள், அல்லது கிராஃபைட், மாலிப்டினம் டைசல்ஃபைடு போன்ற உலர்தூளைப் பயன்படுத்துகிறார்கள். இந்தத் தூள்களின் படிக அமைப்பு அடுக்கடுக்கானது. அடுக்குகளுக்கு நடுவிலான பிணைப்பு வலுவற்றது. அதனால் ஒன்றின் மேல் ஒன்று சறுக்குகின்றன. இதில் உறைவதற்குத் திரவமே இல்லை.

வெடிமருந்து மந்தமாகும்

தோட்டாவுக்குள் இருக்கும் வெடிமருந்து எரியும் வேகம் இரண்டைப் பொறுத்தது: அதைச் சூழ்ந்த அழுத்தம், எரியுமுன் அது இருந்த வெப்பநிலை. குளிர்ந்த மருந்துத்துகளின் மேற்பரப்பை எரிநிலைக்குக் கொண்டுவரக் கூடுதல் வெப்பம் செலவாகிறது. எரிதல் மந்தமாகத் தொடங்குவதால் அழுத்தம் மெதுவாக ஏறுகிறது. அழுத்தம் குறைவாக இருப்பதால் எரிதல் மேலும் மந்தமாகிறது. விளைவு, குண்டின் வேகம் சில விழுக்காடு குறைகிறது. வேகம் 5 விழுக்காடு குறைந்தால் ஆற்றல் ஏறக்குறைய 10 விழுக்காடு குறையும். ஆற்றல் வேகத்தின் இருமடிக்கு ஏற்ப மாறுவதே காரணம்.

மேக்னம் ரிவால்வர் தோட்டாக்களில் மெதுவாக எரியும் உருண்டை வடிவத் துகள்களை அடர்த்தியாக நிரப்புவது வழக்கம். அவற்றைப் பற்றவைப்பது கடினம். கடுங்குளிரில் இன்னும் கடினம். அதற்காகவே இவ்வகைத் தோட்டாவில் கூடுதல் வெப்பமும் நீண்ட சுடரும் தரும் மேக்னம் பிரைமர் பொருத்தப்படுகிறது.

மைனஸ் 40 டிகிரியில் காற்றும், 15 டிகிரியில் இருப்பதைவிட கால்பங்கு அளவுக்கு அடர்த்தி மிகுந்தது. நெடுந்தொலைவுக்குச் சுடும் ரைபிள்காரருக்கு இது பெரிய விஷயம். ஐந்து மீட்டரில் பாய்ந்து வரும் மூஸுக்கு முன்னால் நிற்பவர் இதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை.

நீர்தான் எதிரி

மைனஸ் 30 டிகிரியில் ஒரு கனமீட்டர் காற்று அரை கிராம் நீராவியைக்கூடத் தாங்காது. பாலைவனத்தைவிட வறண்ட காற்று. அந்தக் காற்றில் நாளெல்லாம் தொங்கும் ரிவால்வர் துருப்பிடிப்பதும் இல்லை, இறுகுவதும் இல்லை. அதன் ஆபத்து மாலையில், விறகடுப்பு எரியும் மரவீட்டின் கதவைத் திறக்கும்போது தொடங்குகிறது.

வீட்டுக்குள் 20 டிகிரி, ஈரப்பதம் 40 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். அங்கே ஒரு கனமீட்டர் காற்றில் ஏறத்தாழ 7 கிராம் நீராவி இருக்கும். அந்தக் காற்றின் பனிநிலை 6 டிகிரி. அதாவது 6 டிகிரிக்குக் கீழே இருக்கும் எந்தப் பரப்பைத் தொட்டாலும் ஆவி அங்கே படியும். 1.2 கிலோ எடையுள்ள ரிவால்வரை மைனஸ் 30-இலிருந்து 20 டிகிரிக்குக் கொண்டுவர 28,000 ஜூல் வெப்பம் வேண்டும். காற்று அதை மெதுவாகத்தான் தரும். உறையிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தாலும் அந்த உலோகம் 6 டிகிரியை எட்டக் கால்மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும். உறைக்குள்ளேயே கிடந்தால் இன்னும் நேரமாகும். அத்தனை நேரமும் அது அறையின் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும்.

முதலில் கறுப்பு எஃகு மங்கலாகிறது. ஓரிரு நிமிடத்தில் குழலின்மேல் வெள்ளைத் தூள்போல் உறைபனி படர்கிறது. பிறகு அது உருகி முத்து முத்தாக நிற்கிறது. வெளியே தெரிவதைத் துணியால் துடைத்துவிடலாம். துடைக்க எட்டாத இடங்கள்தான் ஆபத்தானவை: சுத்தியல் எழுந்து விழும் பிளவு, உருளையைச் சுழற்றும் நகத்தின் குழி, காலித் தோட்டாக்களைத் தள்ளும் நட்சத்திரத் தகட்டின் அடிப்புறம், உருளைக்கும் குழலுக்கும் நடுவிலுள்ள மயிரிழை இடைவெளி. மெல்லிய சந்துகளுக்குள் நீர் தானாகவே ஊர்ந்து போய் அங்கேயே பிடித்துக்கொள்ளும்.

மறுநாள் விடியலில் வண்டியோட்டி அதே ரிவால்வரோடு வெளியே போகிறார். சில நிமிடங்களில் சந்துகளில் இருக்கும் நீர் உறைகிறது. உறையும்போது 9 விழுக்காடு விரிந்து இருபுற உலோகத்தையும் கவ்விக்கொள்கிறது. உருளை சுழலாது. உருளை சுழலாவிட்டால் டிரிகர் நகராது. வெளிப்பார்வைக்குப் பளபளவென்றிருக்கும் ஆயுதம் உள்ளே பூட்டப்பட்டுக் கிடக்கிறது. சுமப்பவருக்கு அது தெரியவே தெரியாது.

இதற்கு இரண்டு தீர்வுகள் உண்டு. ஒன்று, துப்பாக்கியைச் சூட்டுக்குள் கொண்டுவராமலே இருப்பது. அலாஸ்கா வீடுகளில் வெளிக்கதவுக்கும் உட்கதவுக்கும் நடுவே சூடேற்றப்படாத ஒரு சிறு கூடம் உண்டு. தோட்டாக்களைக் கழற்றிவிட்டு, அங்கே பூட்டிய பெட்டியில் வைத்துவிட்டால் துப்பாக்கி குளிராகவும் உலர்வாகவும் இருக்கும். பூட்டு இங்கே மிக முக்கியம். குழந்தைகள் நடமாடும் இடத்தில் எந்த அறிவியலும் அதற்கு ஈடாகாது. இரண்டாவது வழி, வெளியில் இருக்கும்போதே காற்றுப்புகாத பையில் போட்டு இறுக மூடி உள்ளே கொண்டுவருவது. பைக்குள் அடைபட்டது வறண்ட வெளிக்காற்று. அறையின் ஈரம் பையின் வெளிப்புறத்தில் படியும், உலோகத்தைத் தொடாது. துப்பாக்கி அறையின் சூட்டுக்கு வந்த பிறகே பையைத் திறக்க வேண்டும்.

உறை எங்கே இருக்க வேண்டும்?

கோட்டுக்கு உள்ளே வைத்தால் துப்பாக்கி வெதுவெதுப்பாக இருக்குமே என்று தோன்றும். அங்கே உள்ள காற்று கிட்டத்தட்ட 30 டிகிரி. நாய்களோடு ஓடியும் மேட்டில் வண்டியைத் தள்ளியும் வியர்த்த உடம்பின் ஈரம் முழுவதும் அதில் இருக்கிறது. இளைப்பாற நின்று கோட்டைத் திறந்த மறுகணம் குளிர்காற்று உள்ளே பாய்கிறது. வீட்டு வாசலில் நாளுக்கு ஒருமுறை நடப்பது இங்கே மணிக்கு ஒருமுறை நடக்கிறது. அதோடு, தடித்த ஜிப்பைக் கையுறையோடு திறந்து, இரண்டு அடுக்குத் துணியை விலக்கித் துப்பாக்கியை எடுக்க நேரம் எங்கே இருக்கிறது?

எனவே அனுபவப்பட்டவர்கள் கோட்டுக்கு வெளியே, மார்பின் குறுக்கே உறையைக் கட்டுகிறார்கள். இடுப்பில் கட்டினால் நீண்ட கோட்டின் ஓரம் மூடிக்கொள்ளும். முதுகுப்பையின் இடுப்புவாரும் மறிக்கும். மார்பில் இருந்தால் ஒரு கை வண்டியின் பிடியில் இருக்கும்போதே மற்றக் கை எட்டிவிடும். துப்பாக்கியும் எப்போதும் வெளிக்குளிரின் வெப்பநிலையிலேயே இருக்கும். அதன்மேல் விழும் பனித்தூள் உருகாது, தட்டினால் உதிர்ந்துவிடும். உருகாத பனியால் எந்த இடுக்கையும் பூட்ட முடியாது.

உறை எதனால் ஆனது என்பதும் கவனிக்க வேண்டியது. தோல் ஈரத்தைக் குடிக்கும். ஈரமான தோல் உறைந்தால் பலகையாக விறைத்துத் துப்பாக்கியைப் பிடித்துக்கொள்ளும். வார்ப்புப் பிளாஸ்டிக் உறை நீரைக் குடிக்காது. ஆனால் எந்தப் பிளாஸ்டிக்கும் கடுங்குளிரில் நெகிழ்வை இழக்கும். இடித்தால் விரிசல் விடும் வாய்ப்பு உண்டு. நெய்த நைலான் உறை குளிரில் உடையாது. ஆனால் அதன் நூலிழைகளுக்குள் பனித்தூள் புகுந்து தங்கும். எல்லாவற்றிலும் பொதுவாகத் தேவைப்படுவது மூன்று: டிரிகரை முழுக்க மூடும் அமைப்பு, நாய்களின் கால்கள் கிளப்பும் பனித்தூள் சுத்தியலின் பிளவுக்குள் புகாதபடி ஒரு மூடி, தடித்த கையுறையோடு ஒரே இழுப்பில் திறக்கும் பட்டை. துப்பாக்கியின் பிடியிலிருந்து தோளுக்குப் போகும் கயிறு ஒன்றும் வேண்டும். பழைய குதிரைப்படைகள் அதைக் கட்டியதற்குக் காரணம் துப்பாக்கி நழுவி விழக்கூடும் என்பது. பனியில் விழுந்தது உடனே உள்ளே மூழ்கி மறைந்துவிடும். அதனால் இங்கே அந்தக் கயிற்றுக்கு இன்னும் அதிக வேலை.

பனிக்கட்டியில் வழுக்கி விழுவது குளிர்நாட்டில் அன்றாடம் நடப்பது. சுத்தியலை ஒவ்வொரு முறையும் கையால் இழுத்து வைத்துச் சுடும் பழைய ஒற்றைச்செயல் ரிவால்வர்களில் சுத்தியலின் முனை நேரடியாகப் பிரைமரின் மேல் உட்கார்ந்திருக்கும். விழுந்த அதிர்ச்சியிலேயே வெடிக்கக்கூடும். அதனால் ஆறு அறைகளில் ஐந்தில் மட்டும் தோட்டா போட்டு, காலி அறையின் மேல் சுத்தியலை வைப்பார்கள். 1973-இல் ரூகர் நிறுவனம் தன் ஒற்றைச்செயல் ரிவால்வர்களில் ஒரு குறுக்குத்தகட்டைச் சேர்த்தது. டிரிகர் முழுக்க இழுபட்டால்தான் அந்தத் தகடு எழுந்து சுத்தியலின் அடியைப் பிரைமருக்குக் கடத்தும். பழைய வகையைச் சுமப்பவர்கள் இன்றும் ஐந்து தோட்டா என்ற வழக்கத்தை விடக் கூடாது.

விரலின் கதை

எஃகையும் எண்ணெயையும் சரிசெய்துவிடலாம். மனிதக் கைதான் இந்தச் சங்கிலியில் மிகவும் பலவீனமான கண்ணி.

குளிர் தாக்கியதும் உடல் முதலில் விரல்களைக் கைவிடுகிறது. இதயத்தையும் மூளையையும் சூடாக வைத்திருக்க, கைகால் நுனிகளுக்குப் போகும் ரத்தக்குழாய்களைச் சுருக்கிவிடுகிறது. விரலின் தோல் 15 டிகிரியை நெருங்கும்போது நுட்பமான வேலைகள் தடுமாறத் தொடங்குகின்றன. 8 டிகிரி வாக்கில் தொடுஉணர்வு ஏறக்குறைய அற்றுப்போகிறது. நரம்பில் செய்தி ஓடும் வேகமும் குறைகிறது. மூட்டுகளுக்குள் இருக்கும் வழுவழுப்பான திரவமும், துப்பாக்கியின் எண்ணெயைப் போலவே, தடிக்கிறது. டிரிகரில் விரல் பட்டிருக்கிறதா இல்லையா என்பதே தெரியாமல் போகிற நிலை இது. ஆயுதம் ஏந்தியவருக்கு இதைவிட ஆபத்தான நிலை வேறில்லை.

1930-இல் பிரிட்டிஷ் மருத்துவர் தாமஸ் லூயிஸ் ஒன்றைக் கவனித்தார். விரலைப் பனிநீரில் வைத்தால், சில நிமிடங்களுக்குப் பிறகு சுருங்கிய குழாய்கள் தாமாகவே திறந்து விரல் சற்றே சூடாகிறது. பிறகு மீண்டும் சுருங்குகிறது. இந்த ஏற்ற இறக்கம் விரலை உறைகடியிலிருந்து காக்க உதவுகிறது என்று கருதப்படுகிறது. ஆனால் உடல் முழுவதும் குளிர்ந்துவிட்டவரிடம் இது வலுவிழக்கிறது. கை வேலை செய்ய வேண்டுமானால் மார்பும் வயிறும் சூடாக இருக்க வேண்டும்.

இன்னொரு உண்மையும் உண்டு. டிரிகரை இழுக்கும் தசை விரலில் இல்லை. முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் நடுவே முன்கையில் இருக்கிறது. அங்கிருந்து நீண்ட நாண்கள் மணிக்கட்டைத் தாண்டி விரலுக்கு வருகின்றன. கையுறை எவ்வளவு நல்லதாக இருந்தாலும் முன்கை குளிர்ந்தால் பிடி தளரும். கோட்டின் கைக்கும் கையுறைக்கும் நடுவே ஒரு விரற்கடை தோல்கூடத் தெரியக் கூடாது என்று வண்டியோட்டிகள் வற்புறுத்துவதற்கு இதுதான் காரணம்.

வெறுங்கையால் எடுத்தால் என்ன? எஃகின் வெப்பக்கடத்துதிறன் மரத்தைவிட ஏறத்தாழ 300 மடங்கு. மைனஸ் 30 டிகிரி உலோகத்தைத் தொட்ட விரலின் வெப்பம் நொடிகளில் வடிந்து தோல் உறையத் தொடங்கும். ஈரம் இருந்தால் ஒட்டிக்கொள்ளும். மரமோ ரப்பரோ போட்ட பிடி உள்ளங்கையைக் காப்பாற்றும், ஆனால் டிரிகர் உலோகம்தான். தடித்த கையுறை போட்டாலோ விரல் டிரிகர்க் காப்பு வளையத்துக்குள் நுழையாது. நுழைந்தால் துணியின் மடிப்பே டிரிகரை அழுத்திவிடக்கூடும். அமெரிக்கப் படையின் எம்-16 ரைபிளில் இந்த வளையத்தின் அடிப்பகுதியைத் திறந்து கீழே விடலாம். கையுறைக்காகவே செய்த ஏற்பாடு. ரிவால்வரில் அந்த வசதி கிடையாது. நடைமுறையில் இருக்கும் தீர்வு, தோலை ஒட்டி மெல்லிய கம்பளிக் கையுறை, அதன்மேல் தடித்த வெளிக்கையுறை, வெளிக்கையுறையைக் கழுத்தோடு இணைக்கும் கயிறு. ஒரே உதறலில் வெளிக்கையுறை தொங்கும்; மெல்லிய கையுறைக்குள் இருக்கும் விரல் சில நிமிடங்களுக்கு உணர்வோடு வேலை செய்யும்.

அதே மார்பில் இன்னொரு கருவி

அலாஸ்காவில் பலர் மிளகாய்ச்சாறு பீய்ச்சும் கரடி ஸ்ப்ரேயையும் வைத்திருக்கிறார்கள். டாம் ஸ்மித், ஸ்டீஃபன் ஹெரேரோ ஆகியோரின் குழு 2008-இல் வெளியிட்ட ஆய்வில், அலாஸ்காவில் கரடிகளை நெருக்கத்தில் எதிர்கொண்டு ஸ்ப்ரே பயன்படுத்தியவர்களில் 98 விழுக்காட்டினருக்குக் காயமே இல்லை. இதே ஆய்வாளர்கள் 2012-இல், 269 கரடிச் சம்பவங்களில் துப்பாக்கியின் பயனை ஆராய்ந்தார்கள். கைத்துப்பாக்கி 84 விழுக்காடு சம்பவங்களில் பலன் தந்திருந்தது. ஆனாலும் துப்பாக்கியைப் பயன்படுத்தியவர்களுக்கும், கையில் இருந்தும் பயன்படுத்தாதவர்களுக்கும் காயம்பட்ட விகிதத்தில் வேறுபாடு காணப்படவில்லை. எடுக்கவும் குறிபார்க்கவும் நேரம் கிடைக்காததே துப்பாக்கி தோற்ற சம்பவங்களில் திரும்பத் திரும்ப வந்த காரணம். அப்படியிருந்தும் குளிர்காலத்தில் ஏன் ஸ்ப்ரேயை மட்டும் நம்பிப் போவதில்லை?

காரணம் மறுபடியும் வெப்பநிலைதான். பல ஸ்ப்ரேக்களில் உந்துவாயுவாக இருக்கும் எச்எஃப்சி-134ஏ என்ற சேர்மத்தின் கொதிநிலை மைனஸ் 26 டிகிரி. அதற்குக் கீழே போனால் அதன் ஆவியழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்தைவிடக் குறைந்துவிடும். டப்பாவை அழுத்தினால் பீய்ச்ச வேண்டிய மேகம் வலுவிழக்கும். எனவே ஸ்ப்ரேயைக் கோட்டுக்கு உள்ளே, உடம்புச் சூட்டில் வைக்க வேண்டும். ரிவால்வருக்குச் சொன்ன விதிக்கு நேர் எதிர்! ஒரே மனிதரின் ஒரே மார்பில், ஒன்று துணிக்கு வெளியே உறைகுளிரிலும் மற்றொன்று துணிக்கு உள்ளே வெதுவெதுப்பிலும் இருந்தால்தான் இரண்டும் வேலை செய்யும். அடைக்கப்பட்ட வாயுவுக்கும் விரலுக்கும் சூடு வேண்டும். எஃகுக்கு வறட்சிதான் வேண்டும். குளிர் அதற்கு அந்த வறட்சியைத் தருகிறது.

சுட்ட பிறகும் கடமை முடிவதில்லை. 2024 மார்ச்சில் இடிடராட் பாதையில் டாலஸ் சீவி தன் நாய்களைத் தாக்கிய மூஸைக் கைத்துப்பாக்கியால் சுட்டுக் கொன்றார். அப்படிக் கொல்ல நேர்ந்தால் அந்த விலங்கின் குடலை நீக்கி இறைச்சி கெடாமல் காக்க வேண்டும், அடுத்த சோதனைச்சாவடியில் தெரிவிக்க வேண்டும் என்பது பந்தய விதி. அவர் அதைப் போதிய அளவு செய்யவில்லை என்று நடுவர்கள் இரண்டு மணி நேரத்தைத் தண்டனையாகச் சேர்த்தார்கள். அந்த ஆண்டும் அவரே வென்றார். தற்காப்புக்காகக் கொன்றாலும் ஓர் உயிரை வீணாக்கக் கூடாது என்ற விதி என்னை ஆழமாகத் தொடுகிறது. துப்பாக்கி கடைசி வழி. தொலைவிலேயே மூஸைக் கண்டு, நாய்களை நிறுத்தி, அது போகும்வரை காத்திருந்து வழிவிடுவதே முதல் வழி.

தமிழ் வாசகர்களில் மிகப் பெரும்பாலோர் பனியில் ரிவால்வர் சுமக்கப் போவதில்லை. ஆனால் லடாக்குக்கோ டொராண்டோவுக்கோ குளிர்காலத்தில் போகும்போது கையில் கேமரா இருக்கும், பைனாகுலர் இருக்கும். வெளியே நின்று படமெடுத்துவிட்டுச் சூடான அறைக்குள் நுழையுமுன் அதைக் காற்றுப்புகாத பையில் போட்டு மூடுங்கள். அறையின் சூட்டுக்கு வரும்வரை பையைத் திறக்காதீர்கள்.